தலை எண்ணும் கலை

ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17. கடைசி இலக்கில் ஒரு குறும்புக் கேள்வி ஒளிந்திருக்கிறது: கடந்த 10 ஆண்டுக்குள் ஒரு தடவையாவது குடிசனத் தொகைமதிப்பு நடத்திய நாடுகள் எத்தனை வீதம்? வறுமை ஒழிந்ததா என்பது இருக்கட்டும், முதலில் தலையையாவது எண்ணினீர்களா என்கிறார்கள். உலக வங்கியும் தன் பங்குக்கு நாடுகளின் புள்ளிவிபரத் திறனுக்கு 100க்குப் புள்ளி போடுகிறது.

இலங்கை 1871இலேயே எண்ணத் தொடங்கிய பழம்பெரும் கணக்கப்பிள்ளை. யாழ்ப்பாணத்தாரை 1981இலும் எண்ணியது. 1991இல் நாடு முழுவதுக்கும் லீவு. 2001இல் தொகைமதிப்பு முழுமையாக நடந்தது 18 மாவட்டங்களில்; யாழ்ப்பாணம் அதில் இல்லை. அடுத்த முழு எண்ணிக்கை 2012இல். 1981இல் கைக்குழந்தையாகப் பதிவானவர் அடுத்த படிவத்தில் குடும்பத் தலைவராக ஏறியிருக்கலாம், ஊரில் இருந்திருந்தால். அதற்கடுத்தது கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று இழுபட்டு 2024இல் வந்தது.

எங்கள் சனமோ கணக்கு விடாது. படலையில் நின்று “வீட்டில எத்தினை பேர் அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள்.

“இஞ்ச நானும் இவரும்தான் தம்பி. மூத்தவன் கனடா, நடுவிலான் லண்டன், கடைக்குட்டி சுவிஸ். எல்லாரையும் வடிவா எழுதும்.”

நாடுகளுக்குப் புள்ளி போடும் பெரியவர்களே, தேசிய சராசரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டில் எந்த மாவட்டம் விடுபட்டது என்பதற்கும் ஒரு நிரல் சேர்த்துக்கொள்ளுங்கள்.