கேளுங்கள், அட்டை காட்ட மாட்டோம்!

கே: மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணியில் சேர்ந்துவிட்டால் வாழ்க்கை செட்டில்தானே?

ப: 1992-ல் எஃப்.ஏ. யூத் கோப்பையை வென்ற யுனைடெட் பையன்களைப் பாருங்கள். பெக்காம், கிக்ஸ், கேரி நெவில், நிக்கி பட்... கூடவே ராபி சாவேஜ் என்ற வேல்ஸ் பையன். முதல் நால்வரும் உலகப் புகழ். சாவேஜை 1994-ல், சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டார்கள். செட்டில் ஆனது அவர் கணக்குதான்!

கே: அப்புறம்?

ப: முன்கள ஆட்டக்காரர், க்ரூ என்ற சின்ன கிளப்புக்குப் போய் நடுக்களத்துக்கு மாறினார். 1997-ல் லெஸ்டர் வாங்கியது. 2000-ல் லீக் கோப்பை. பிறகு பர்மிங்ஹாம், பிளாக்பர்ன், டெர்பி. வேல்ஸுக்காக 39 ஆட்டங்கள். பெக்காம் மாதிரி பந்தை வளைக்க வராது; எதிராளியை நிம்மதியாக ஆடவிடாமல் செய்ய வரும். அதற்கும் சம்பளம் உண்டு.

கே: ஆடும்போது ஏகப்பட்ட மஞ்சள் அட்டை வாங்கிய சாவேஜ் பிறகு மேனேஜராகிவிட்டார். நடுவர்களுக்கு நிம்மதியா?

ப: நிம்மதியாவது! 2019-ல் விதியே மாறிவிட்டது. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற மேனேஜருக்கும் அட்டை காட்டலாம். பழைய வாடிக்கையாளரை இழக்க நடுவர்களுக்கு மனமில்லை போலிருக்கிறது.

கே: அவர் மேனேஜரான மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ன அவ்வளவு பெரிய கிளப்பா?

ப: கடனில் மூழ்கி 2020-ல் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்ட கிளப். உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் மைதானத்தை வாங்கிப் புதுப் பெயரில் தொடங்கினார். சாவேஜ் கூடச் சேர்ந்தார். 2021-ல் ஒன்பதாம் நிலை லீக்கிலிருந்து ஆரம்பம். 2024 கோடையில் சாவேஜே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த சீசனிலேயே ஏழாம் நிலைப் பட்டம்!

கே: அந்த மட்டத்தில் மேனேஜருக்கு என்னதான் வேலை?

ப: பகுதிநேர ஆட்டக்காரர்கள் என்றால் பயிற்சி பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலைகளில்தான். ஒருவர் வேலை முடிந்து நேராக வருவார், இன்னொருவர் ஷிப்ட் மாறவில்லை என்று போன் செய்வார். தாக்குதல் வியூகத்தைப் பலகையில் வரைவதற்குள் பாதிப் பேர் டிராஃபிக்கில். சனிக்கிழமை ஆடும் பதினொருவரைச் சொல்வது சுலபம். மற்றவர்களிடம் 'இன்றைக்கு நீ வெளியே' என்று சொல்வதுதான் கஷ்டம். அதை ஒருமுறை தானே கேட்டவருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கே: பகுதிநேர ஆட்டக்காரர்கள் என்றால், சம்பளம் வாங்கிக்கொண்டு அமெச்சூரா?

ப: இங்கிலாந்தில் அந்த நாடகம் நிறைய நடந்தது. காசே வாங்காத அமெச்சூர் என்பார். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்தால் அவர் பூட்ஸுக்குள் நோட்டு இருக்கும். கடைசியில் 1974-ல் கால்பந்துச் சங்கமே அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டது. பூட்ஸுக்குள் மறுபடி கால் மட்டும்.

கே: இப்போதும் சாவேஜ் அங்கேதானா?

ப: இல்லை. 2025-ல், அப்போது ஐந்தாம் நிலையில் ஆடிய ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸுக்குப் போய்விட்டார். அவரிடத்துக்கு வந்தவர் ஜான் ரூனி. வெய்ன் ரூனியின் தம்பி. 2026 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றில், நடப்புச் சாம்பியன் கிறிஸ்டல் பேலஸை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார். ஆறாம் நிலை அணி, பிரீமியர் லீக் அணியை! கலைக்கப்பட்ட கிளப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

கே: என் மகனை அகாடமியில் கழித்துவிட்டார்கள். தேர்வாளர்களுக்குக் கண் தெரியாதா?

ப: தெரியும். சாவேஜை அனுப்பியவர்களும் தப்புச் செய்யவில்லை. பெக்காமும் பட்டும் வரிசையில் நிற்கும்போது அவருக்கு ஏது இடம்? 'எங்கள் அணிக்கு வேண்டாம்' என்றார்களே தவிர, 'கால்பந்துக்கே வேண்டாம்' என்று சொல்லவில்லை. ஞாயிறு காலை யாரும் எழுப்பாமல் பையன் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறானா, பாருங்கள். கிளம்பினால் வேறு கிளப், வேறு இடம், நாளைக்கு மேனேஜர் நாற்காலி என்று ஏதாவது வழி இருக்கும். கிளம்பாவிட்டால், ஆட ஆசை உங்களுக்குத்தான். உள்ளூரில் முதியோர் அணி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.