அம்மை குத்தின தழும்பு

பழவேற்காட்டுக் குப்பங்களில் அறுபதைத் தாண்டிய யாராவது சட்டைக் கையைச் சுருட்டினால், தோளுக்குச் சற்றுக் கீழே காசளவில் வட்டமாகத் தழும்பு தெரியும். பெரியம்மைக்குக் குத்தியது. இந்தக் காலத்து ஊசி மாதிரி சுருக்கென்று முடிகிற காரியம் இல்லை அது. காம்பு வைத்த ஒரு சின்ன வில்லை, அதன் முகத்தில் வட்டமாகக் கூர்ப்பற்கள். அம்மைப்பாலைத் தோலில் தடவி, வில்லையை அழுத்தி ஒரு திருகு. ஏழெட்டு நாளில் கொப்புளம் சீழ்கோத்து, காய்ச்சல் அடித்து, பொருக்கு உதிர்ந்து தழும்பாகும். அந்தப் பால், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தது. 1899இல் அந்த நிலையத்தைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

நான் பிறந்தது 1959இல். அம்மை குத்துகிறவர் ஏரியைத் தாண்டிப் படகில் வருவார். துறையில் அவர் தலை தெரிந்ததும் குப்பத்துப் பிள்ளைகள் காணாமல் போவோம். எங்கள் ஆயா என்னை வலைக் குவியலுக்குள் திணித்துவிட்டு அதன் மேல் தானும் உட்கார்ந்துகொள்வாள். "ஆத்தா வந்து வெளையாடிட்டுப் போற ஒடம்பு. அதுல கைவைக்க இவன் யாரு?" என்பாள். பெற்ற பிள்ளைகளில் இரண்டை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். நோய் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும் என்னை ஒளித்தாள்.

ஆத்தாளிடம் இருந்த பயம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வருகிறவர் பெயர் அவளுக்குத் தெரியாது. வந்து, திருகிவிட்டு, பொழுது சாய்வதற்குள் படகேறிவிடுவார். நாலாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தால் யாரைக் கேட்பது? 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க இடம் இருந்தது. அவளுடைய இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. கடைசியில் என்னையும் பிடித்துக் குத்திவிட்டார்கள். நான் பிழைத்தது அதனாலா என்று சொல்ல முடியாது. ஆனால் என் பிள்ளைகளுக்குப் பெரியம்மை என்றால் என்னவென்றே தெரியாது. 1975இல் அது இந்தியாவை விட்டுப் போனது, 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தடுப்பூசி எதிர்ப்பு என்றாலே படிக்காதவர்கள் காரியம் என்று பேசுகிறவர்களிடம் நான் ராஜாஜியைச் சொல்வேன். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ஊர் ஊராகப் போட்டபோது, 1955இல் அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார் அவர். கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இருந்தவர். பிறகு 1968இல் இதே ஊசியை அன்றைய எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் சோதித்தார்கள். ஏறக்குறைய 2,60,000 பேர் அதில் அடக்கம். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது, அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. அதனால்தான் பிறந்ததும் இன்றும் போடுகிறார்கள். இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று இரண்டையும் சொல்கிற ஆளை ஜனங்கள் நம்புவார்கள். என் அனுபவம் அது.

2008 ஏப்ரலில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்த வாரம் குப்பத்தில் எந்த வீட்டிலும் வேறு பேச்சே இல்லை. இதன் பிறகு கிராமத்துக்கு வந்து ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அன்று ஆயா ஒளித்தும் தேடி வந்த மருந்தை, இப்போது வேண்டும் என்று நினைத்த தாய் தேடிப் போக வேண்டியதாயிற்று. இறால் விற்கிற நாளை விட்டு, படகுக்குக் காத்திருந்து, பஸ் பிடித்து, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் கண்ணால் பார்த்தது இந்தத் தூரத்தை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே. நான் அப்போது ஓய்வு பெறப் போகிற வாத்தியார். பிள்ளைக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது, வெளிநாட்டுச் சதி என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்களில் ஒருவன் என்னிடம் அ, ஆ எழுதக் கற்றவன். ஊசி அன்று வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அதே மாதம் 15ஆம் தேதி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போயின. ஊசிக்கு வராத பிள்ளைகளும் மைதானத்தில் நின்று புகைத்தடத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு அன்று சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சு வலித்தது போலவும் இருந்தது.

நிலைமையை மாற்றியது சட்டமோ சுற்றறிக்கையோ அல்ல, ஒரு நர்ஸம்மா. மீன் ஏலம் கலைந்த பிறகு நீல ஐஸ் பெட்டியோடு வந்து மர நிழலில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து மருந்துச் சீசாவைப் பெண்கள் கையிலேயே கொடுத்தார். அதன் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெள்ளைக் கட்டம். "சூடு பட்டா இந்தக் கட்டம் கறுத்துடும். வட்டம் அளவுக்குக் கறுத்துட்டா நான் போட மாட்டேன், நீங்களும் விடாதீங்க. கலக்கின மருந்து நாலு மணி நேரந்தான், அப்புறம் கொட்டிடணும்" என்றார். ஐஸ் குறைந்தால் இறால் என்ன கதி ஆகும் என்று தெரிந்த பெண்கள் அவர்கள். ஒருத்தி உடனே கேட்டாள்: "வர்ற வழியில பஸ் நின்னுபோனா?" இன்னொருத்தி 2008ஐக் கேட்டாள். நர்ஸம்மா நழுவவில்லை. "நடந்துச்சும்மா. அதுக்கப்புறந்தான் போட்டதும் அரைமணி நேரம் உக்கார வெச்சுப் பாக்கறோம். இது என் போன் நம்பர். ராத்திரியானாலும் கூப்புடுங்க" என்றார். அடுத்த முறை பெஞ்சுகள் பெரும்பாலும் நிறைந்தன. எல்லாம் இல்லை.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2இல் உச்ச நீதிமன்றம் கொரோனா வழக்கில் சொன்னது. பெரியவர்களுக்கு அது சரி. தனக்கு வேண்டுமா என்று சொல்லத் தெரியாத பத்து மாதக் குழந்தைக்கு என்ன பதில்? பள்ளியில் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு முன்னால் அரசாங்கம் தன் கடனைக் கழிக்க வேண்டும். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 89.2 சதவீதமாக ஏறியிருக்கிறது. மிச்சப் பிள்ளைகளில் பலர் எங்களைப் போன்ற கரைகளில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். புதன்கிழமை காலையில் முகாம் என்றால், அது எங்கள் பெண்கள் துறையில் கூடையோடு நிற்கிற நேரம். மதியம் மூன்று மணிக்கு மேல், குப்பத்துக்கு உள்ளேயே வையுங்கள்.