எக்ஸ்டெர்ம் கட்டளைவரியில் நாஞ்சில் நாட்டு மரபுகள்

லினக்ஸ் கணினிகளில் எழுத்து மட்டும் ஓடும் சின்னச் சன்னல் ஒன்று உண்டு. டெர்மினல் எமுலேட்டர் என்பார்கள். அந்தக் குலத்தின் மூத்த தலைகளில் ஒன்று எக்ஸ்டெர்ம். உடம்பில் சதை கிடையாது, பழைய கணினியிலும் பட்டென்று திறக்கும். இதை அமெரிக்கர்கள் எழுதினார்கள் என்பது இன்றுவரை மறுக்கப்படாத கருத்து. மறுக்க ஆள் இல்லாததே காரணம். எக்ஸ்டெர்மின் கட்டளைவரி அகஸ்தீசுவரம், தோவாளை என்னும் இரு தாலுகாக்களின், அதாவது நாஞ்சில் நாட்டின், வழக்கப்படியே நடக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவும். நிறுவ முடியாத இடத்தில் குரலை உயர்த்தும்.

ஆப்ஷன்களை யாம் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறோம். அவற்றை அப்படியே அடித்துவிட்டு, தப்பான ஆப்ஷன் என்று கணினி நீட்டி முழக்கினால் ஆய்வாளர் பொறுப்பல்ல.

முதலில் மாற்றார் கூறும் வரலாறு. 1984ஆம் ஆண்டுக் கோடையில், ஜிம் கெட்டிஸிடம் மாணவராக இருந்த மார்க் வாண்டவூர்டு, வாக்ஸ்டேஷன் 100 என்ற கருவிக்காக இதை எழுதத் தொடங்கினார். எக்ஸ் சன்னல் முறைமை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. நிரல் அங்கே குடிபெயர்ந்தது. 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரித்துவருகிறார். இவர்களில் எவரும் நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியதாகப் பதிவில்லை. இறங்கவில்லை என்பதற்கும் பதிவில்லை. தமிழாய்வுக்கு இவ்வளவு இடைவெளி தாராளம்.

எக்ஸ்டெர்ம் வேஷம் கட்டுவது விடி100 என்ற பெட்டிக்கு. டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட, திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட பெட்டி அது. வழக்கமான அகலம் 80 எழுத்து, உயரம் 24 வரி. அந்த 80ஐத் தோண்டிக்கொண்டே போனால் 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தித் துளையட்டை வரை போகலாம். அதற்கும் கீழே தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். நாஞ்சில் நாடு வயல்பூமி.

இனிச் சான்றுகள். எக்ஸ்டெர்முக்கு ஆப்ஷன்களை எந்த வரிசையிலும் கொடுக்கலாம். எழுத்தின் நிறத்துக்கு -எஃப்ஜி, பின்னணிக்கு -பிஜி, எழுத்துருவுக்கு -எஃப்ஏ, அதன் அளவுக்கு -எஃப்எஸ். முன்பின்னாகப் போட்டாலும் பொருள் கெடாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இருக்கை குறித்துவைத்திருக்கிறார்கள். சன்னல் திறந்ததும் எந்த நிரல் ஓட வேண்டும் என்று சொல்லும் -ஈ கடைசியில்தான் வர வேண்டும். ‘கறுப்புப் பின்னணியில், பச்சை எழுத்தில், பதினாலு அளவில், டாப் நிரலை ஓட்டு.’ இது தமிழ் வாக்கியம். எழுவாயும் செயப்படுபொருளும் அடைகளும் எப்படி இடம் மாறி உட்கார்ந்தாலும், நம் உரைநடையில் வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஏவும்போது வினையை முதலில் வைத்தே பேசிப் பழகிய ஓர் ஆங்கிலக்காரருக்கு இந்த வரிசை தானாகத் தோன்றியிருக்க வழியில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அக்காள் படித்து முடித்துக் கட்டிக்கொடுத்துப் போன பிறகு அந்த லேப்டாப் தம்பி கைக்கு வரும். விண்டோஸ் மூச்சு வாங்கும் அந்த வயதில் அதற்கு ஏற்றது எக்ஸ்டெர்ம் போன்ற மெலிந்த சாதிதான். தம்பி ‘எக்ஸ்டெர்ம் -ஈ டாப் -பிஜி பிளாக்’ என்று அடிக்கிறான். -ஈ வந்துவிட்டதால் அதன் பின்னுள்ள எல்லாம் டாப் நிரலின் கணக்கில் ஏறிவிடும். டாப்புக்கு -பிஜி என்றால் இன்னதென்று தெரியாது. அது ஒரு வரி முணுமுணுத்துவிட்டு வெளியேறும். ஓட வேண்டிய நிரலே போய்விட்டதால் எக்ஸ்டெர்மும் கடையைச் சாத்தும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். தம்பி கண்டது திரையில் ஒரு வெட்டு மட்டும். அந்த முணுமுணுப்பைப் படித்தே தீர வேண்டுமென்றால் -ஈக்கு முன்னால் -ஹோல்டு போட வேண்டும். அப்போது நிரல் செத்த பிறகும் சன்னல் மூடாமல் நிற்கும்.

நாகர்கோவில் பேச்சில் வினைக்குப் பின்னாலும் சொல் வருகிறதே, ‘நாளைக்கு வாறேன் கேட்டேளா’, ‘சொல்லும் வே’ என்கிறார்களே, அங்கே உமது விதி அடிபடாதோ எனின், அற்றன்று. அந்தக் கேட்டேளாவும் வேயும் தமக்கு முன்னே நிற்கும் வினையைப் பற்றிக்கொண்டிருப்பவை. வாக்கியத்தின் தலைப்பகுதியைத் தொடுவதில்லை. -ஈக்குப் பின் வருபவையும் அப்படியே, ஓடும் நிரலைச் சேரும், சன்னலைத் தொடா. மறுப்பாளர் தம்மையறியாமல் எமக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

பாடபேதங்களையும் ஒப்பிட்டோம். ஆர்எக்ஸ்விடி-யூனிகோடு, அலாக்ரிட்டி, சக்லெஸ் குழுவினரின் எஸ்டி ஆகிய மூன்று டெர்மினல்களிலும் -ஈ இறுதியிலேயே நிற்கிறது. இவற்றில் எஸ்டி எடைக்குறைப்பில் தீவிரவாதி. அதற்கென்று அமைப்புக் கோப்பு கிடையாது. பின்னணியைக் கறுப்பிலிருந்து நீலமாக்க மூலநிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்க வீட்டை இடித்துக் கட்டச் சொல்கிறவர்கள். க்னோம் டெர்மினல் -ஈயை வழக்கொழிந்ததாக அறிவித்து, அந்த இடத்தில் இரட்டைக் கோட்டை உட்காரவைத்தது. ஃபுட் என்ற புதுவரவோ -ஈயைக் கண்டாலும் காணாததுபோல் போகிறது. இவ்விரண்டையும் இடைச்செருகல் என்று தள்ளுகிறோம். எமது கொள்கைக்கு ஒத்துவராதவற்றை அப்படித் தள்ளுவதுதான் வழக்கம்.

இலக்கணம் பேச இந்த மண்ணுக்கு என்ன உரிமை எனின், தொல்காப்பிய அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசான், விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்றும், தொல்காப்பியரே காப்புக்காட்டுக்காரர் என்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் சொல்வதுண்டு. விளவங்கோடு நாஞ்சில் நாட்டில் சேராது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் உண்டு.

அடுத்த சான்று மண்ணைப் பற்றியது. -ஜியாமெட்ரி என்ற ஆப்ஷன் சன்னலின் அளவையும் இடத்தையும் சொல்லும். 80×24+0+0 என்றால் 80 எழுத்து, 24 வரி, திரையின் இடது மேல்மூலை. முதற்குறி கூட்டலானால் இடது ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், கழித்தலானால் வலது ஓரத்திலிருந்து. இரண்டாங்குறி கூட்டலானால் மேலிருந்து, கழித்தலானால் கீழிருந்து. ஆகவே -0-0 வலது கீழ்மூலை. +0-0 இடது கீழ்மூலை. இப்போது பழைய திருவிதாங்கூர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தென்கிழக்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது -0-0. மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக 1956 நவம்பர் 1 அன்று அவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. புது வரைபடத்தில் அதே நிலம் தென்மேற்கு மூலையில், +0-0இல் கிடக்கிறது. ஒரு வரப்பு நகரவில்லை, ஒரு தென்னை நகரவில்லை. ஒரேயொரு குறி மாறியது. அந்தக் குறியை மாற்ற எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள், துப்பாக்கிச் சூட்டில் எத்தனை உயிர் போயிற்று என்பதை இம்மாவட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எக்ஸ்டெர்மில் இரண்டு விசை தட்டினால் போதும்.

சொத்துரிமைக்கு வருவோம். எக்ஸ்டெர்முக்கு நிறமும் எழுத்துருவும் மூன்று வழியில் வந்துசேரும். கணினி முழுவதற்கும் பொதுவான ஆப்-டிஃபால்ட்ஸ் கோப்பு ஒன்று. பயனர் தம் பங்குக்கு எழுதிவைக்கும் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு இன்னொன்று. இரண்டையும் மீறி நிற்பது கட்டளைவரியில் அந்த நேரத்தில் சொல்லும் வாய்ச்சொல். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926இல் சட்டம் வரும்வரை மருமக்கள்வழி நடந்தது. மாமன் சொத்து மருமகனுக்கு. பெற்ற மகனுக்கு உரிமை கிடையாது, உகந்துடைமை என்று ஒரு பங்கு கொடுப்பார்கள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த ஏற்பாட்டைத்தான் மருமக்கள்வழி மான்மியத்தில் வறுத்தெடுத்தார். எக்ஸ்டெர்மிலும் ஆப்ஷன் என்னும் உரிமை இல்லாத அமைப்புகள் ஏராளம். அவற்றுக்கு ஏதாவது தரவேண்டுமென்றால் -எக்ஸ்ஆர்எம் போட்டு, அதன் பின்னால் முழு வாசகத்தையும் எழுதிக் கையில் திணிக்க வேண்டும். உகந்துடைமையேதான். இதைவிட விவகாரமானது -நேம். ஒரே எக்ஸ்டெர்மை வேறு பெயர் சொல்லித் திறந்தால், அந்தப் பெயருக்கு எழுதிவைத்த நிறம், எழுத்துரு எல்லாம் அதற்கு வந்துசேரும். அடுத்த வீட்டுப் பேரைச் சொல்லிப் பங்கு வாங்குகிற வேலை. எந்த முன்சீப் கோர்ட்டிலும் இது நிற்காது, எக்ஸ்டெர்மில் நிற்கிறது.

கூட்டல் கழித்தல் பற்றிய மயக்கம் பலருக்கும் உண்டு. -எஸ்பி என்று போட்டால் ஸ்க்ரோல்பார் வரும், +எஸ்பி என்று போட்டால் போய்விடும். -பிசி போட்டால் கர்சர் மினுக்கும், +பிசி போட்டால் அடங்கும். கணக்கு வாத்தியார்கள் கொதிக்கக்கூடும். நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு இதில் அதிசயமே இல்லை. அவியல், எரிசேரி, துவட்டல் எல்லாம் ஒதுக்கி, பருப்பும் சாம்பாரும் ரசமும் கடந்து பாயச வாளி வரும்போது, போதும் என்று இலைமேல் கையை விரித்து மறைப்பது கழித்தல் குறி. விளம்புகிறவர் அதைக் கண்டால்தான் உற்சாகமாகி, விரலிடுக்கு வழியே ஒரு கரண்டி கூடுதலாகச் சரிப்பார். வாயைத் திறந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பது கூட்டல் குறி. ‘இதா வந்துட்டேன்’ என்று போன வாளி திரும்பாது. விளம்புகாரர் ஒருவரிடம் காரணம் கேட்டோம். ‘வேண்டாம்னு சொன்னா விளம்பாம விட்டுருவமா வே?’ என்றார். எக்ஸ்டெர்ம் கையேட்டில் இத்தனை தெளிவான விளக்கம் இல்லை.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். மேலே ஓடிப்போன வரிகளில் எத்தனையைச் சேர்த்துவைப்பது என்று சொல்வது -எஸ்எல்; முன்காலத்தில் எக்ஸ்டெர்ம் தானாகச் சேர்த்தது 64 வரி, இப்போது 1024. -எம்பி போட்டால் வரி முடிய சுமார் பத்து எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹயர் முடித்தவர்களுக்குக் கை தானாக எழும்பும். -விபி போட்டால் சத்தத்துக்குப் பதிலாகத் திரை மின்னும். ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது உதவும். -டி போட்டால் டெக்ட்ரானிக்ஸ் 4014 என்ற, இன்று காட்சியகத்தில் தேட வேண்டிய வரைபட டெர்மினலாகவே வேஷம் மாறிவிடும். யாருக்காக இதை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று விளங்கவில்லை. நிறங்களின் பெயர்ப் பட்டியலில் தக்காளி உண்டு, பப்பாளி உண்டு, கடற்சிப்பி உண்டு, சாம்பல் மட்டும் சுழியம் முதல் நூறு வரை நூற்றொரு வகை உண்டு. செந்துளுவன் வாழைப்பழம் இல்லை. மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இல்லை. இது எமது கொள்கைக்குச் சற்றுப் பின்னடைவு.

பெரிய பின்னடைவு இனிதான். எக்ஸ்டெர்ம் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வந்த குறியீடுகளை வந்த வரிசையிலேயே பெரும்பாலும் கட்டத்துக்கு ஒன்றாக உட்காரவைக்கும். தோவாளை நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு, யுடிஎஃப்-8இல் 18 பைட்டு, எக்ஸ்டெர்மில் ஆறு கட்டம். யூனிகோடு முறையில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும்; அதை முன்னால் இழுத்து வைத்துக் காட்டுவது காட்டுகிற நிரலின் பொறுப்பு. எக்ஸ்டெர்ம் அந்த வேலையைச் செய்வதில்லை. தெங்கம்புதூர் என்று அடித்தால் தகரம் முதலில் வெறுமனே நிற்கும், கொம்பு அடுத்த கட்டத்தில் ஙகரத்தின் தலைமாட்டில் போய் நிற்கும். ‘பு’வின் உகரம் பகரத்தோடு ஒட்டாமல் தனியே கிடக்கும். -எஃப்ஏ போட்டு நல்ல எழுத்துருவைக் கொடுத்தாலும் தீராது. கோளாறு எழுத்துருவில் இல்லை. இந்தக் கணக்கில் தேரூர், தோவாளை, கொட்டாரம், வடசேரி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், விளை என்று முடிகிற எண்ணற்ற ஊர்கள் அத்தனையும் அடிபடும். உகர ஊகாரங்களால் சுசீந்திரமும் பூதப்பாண்டியும் கன்னியாகுமரியும் சேர்ந்து போகும். ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் முறை மாறாமல் தப்புவது ராஜாக்கமங்கலம், பள்ளம் போல ஒரு சில. தமிழ் வாக்கிய அமைப்பை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரு நிரல், தமிழெழுத்தை மட்டும் இப்படிக் கையாள்வது எமக்கே சங்கடம். ஆனாலும் இதுகூட ஒரு சான்றாகலாம்: வாய்ப்பேச்சில் சுத்தமாகவும் கையெழுத்தில் கிறுக்கலாகவும் இருப்பவர்களை இந்த மாவட்டத்தில் யாம் பார்த்திருக்கிறோம்.

ராஜாக்கமங்கலத்துக்காரர்கள் எக்ஸ்டெர்மிலேயே இருக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் டாப் ஓட்ட அதை வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர் எழுத வேண்டி வரும்போது கான்சோலையோ எம்எல்டெர்மையோ திறந்துகொள்ளுங்கள்.