ஓ.டி.பி.யைத் தவிர எல்லாம் தந்தாயிற்று

பெருங்களத்தூரில் குடியேறப் போகிறீர்களா? முதலில் ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு போதாது, ஒரு கட்டாகவே எடுத்துவிடுங்கள். தரகருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, கேஸ் ஏஜென்சிக்கு ஒன்று, இன்டர்நெட் வயர் இழுக்க வரும் தம்பிக்கு ஒன்று. அடுக்ககம் என்றால் வாசலில் செக்யூரிட்டி உங்களைப் படமும் பிடித்துக்கொள்வார்.

நகல் எடுக்க ஜி.எஸ்.டி. சாலைக்குப் போனால் கடைக்காரர் காகிதம் கேட்க மாட்டார். "இந்த நம்பருக்கு வாட்ஸப்ல போடுங்க சார்" என்பார். போட்டுவிடுவோம். பீர்க்கன்காரணை முதல் வண்டலூர் வரை உள்ள அத்தனை பேரின் பான் கார்டும், பாஸ்புக் முதல் பக்கமும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் அந்தக் கம்ப்யூட்டரில் சாதி மத பேதமின்றிக் கிடக்கின்றன. அழிப்பாரும் இல்லை, அழிக்கச் சொல்வாரும் இல்லை.

தாம்பரத்தில் இரண்டு லுங்கி எடுத்தாலும் பில் போடுகிற பெண் தலை நிமிராமல் கேட்பார்: "மொபைல் நம்பர் சொல்லுங்க." நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. துறை சொன்னது துறையோடு போயிற்று. பத்து இலக்கம் விழாமல் பில் வெளியே வராது. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ்ஸில் சீட்டு போட்டால் பெயர், வயது, நம்பர் எல்லாம் போகின்றன. எந்த ராத்திரி வீடு பூட்டிக் கிடக்கும் என்ற தகவலும் கூடவே போகிறது.

இத்தனையும் கொடுத்துவிட்டு ஒருவருக்குப் போன் போட்டால், 2025 பாதி வரை மணி அடிக்கும் முன்பே ஒரு குரல் உபதேசம் செய்துவந்தது: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், உஷாராக இருங்கள். அதாவது, ஏமாந்தால் அது உங்கள் முட்டாள்தனம். 2024இல் மட்டும் இந்திய மக்கள் சைபர் மோசடியில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அவ்வளவு பேரும் முட்டாள்களா? மோசடிக்காரன் நம் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, ஆதாரின் கடைசி நான்கு எண்ணையும் சொல்லித்தானே பேச்சை ஆரம்பிக்கிறான். அதெல்லாம் அவன் கைக்கு எப்படிப் போயிற்று?

2021இல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர் விவரங்கள் ஹேக்கர்களின் சந்தையில் கிடந்தன. ஏறத்தாழ 49 லட்சம் ஆதார் எண்கள், கூடவே முகவரி, செல்போன் எண், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை. 2023 ஜூனில் செல்போன் எண்ணைத் தட்டினால் கொரோனா தடுப்பூசிக்குக் கொடுத்த அடையாள எண்ணைக் கக்கும் டெலிகிராம் பாட் ஒன்று வந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்திலிருந்து கசிந்ததாகச் சொல்வது ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். சில நாளில் பீகாரில் ஒருவர் கைதானார்.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் முறை. 3.1 கோடி பேர் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒரு ஹேக்கர் மார்தட்டினார். யாருக்கு என்ன நோய் என்ற மருத்துவ அறிக்கைகள் டெலிகிராமில் வருவதை ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. பெரிதாக எதுவும் கசியவில்லை என்றது நிறுவனம். பிறகு, தாங்கள் சைபர் தாக்குதலுக்கு ஆளானவர்கள் என்றது. நோயாளியின் ரகசியம் சந்திக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டமோ நிறுவனத்துக்கு!

உச்சக்கட்ட நகைச்சுவை நம் தமிழ்நாட்டுக் காவல்துறையுடையது. முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் அவர்களுடைய தளம் 2024 மே மாதம் ஊடுருவப்பட்டது. நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு களவுபோயிருக்கிறது என்று விளக்கம் வந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி எல்லாம் வைத்துப் பாஸ்வேர்டு போடச் சொல்லி நமக்கு நோட்டீஸ் கொடுப்பதும் அதே காவல்துறைதான். ஏரி உடைந்து முடிச்சூரே மூழ்கிக் கிடக்கும்போது, "குழாயைச் சரியா மூடினீங்களா?" என்று வீட்டுக்காரரை விசாரிப்பது போலிருக்கிறது இந்த விழிப்புணர்வு.

சரி, சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கென டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர ஆறு வருடம் ஆனது. விதிகள் வர இன்னும் இரண்டு வருடம்: 2025 நவம்பர். அப்போதும் ஒரு வேடிக்கை. தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுக்க வசதியாகத் தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு உடனே அமலுக்கு வந்தது. நம் தகவலைக் காக்கும் பிரிவுகளுக்கு மட்டும் 18 மாத அவகாசம். ரகசியம் காப்பதில் அரசுக்கு அவசரம் இல்லை என்று யார் சொன்னது? தன் ரகசியத்தை அது அன்றே காத்துக்கொண்டது.

கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாமாம். பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. அலட்சியமாக இருந்த நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதையும் நீக்க வழிசெய்துவிட்டார்கள். ஆனால் நம்மை முற்றிலும் மறந்துவிடவில்லை: "அற்பமான" புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு!

ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் உண்மையைச் சொல்லிவிட்டது. இரண்டே நாளில் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படுமாம். சரியாகப் புரிந்துவிட்டதுதான் பிரச்சினை.

ஆகவே, நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கலாம், அதையே கொடுங்கள். கைரேகையையும் அங்கேயே பூட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. வாட்ஸப்புக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குப் பூட்டு போடுங்கள். பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். கடையில் நம்பர் கேட்டால், நம்பர் இல்லாமல் பில் போடச் சொல்லி நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

இதோடு விட்டுவிடாதீர்கள். தாம்பரம் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.க்கும் எழுதுங்கள். ரேஷன் தகவல் எப்படிக் கசிந்தது, யார் பொறுப்பு என்று சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்த 18 மாதக் கெடு முடிவதற்குள், நஷ்டஈடு கேட்கும் உரிமையைத் திருப்பித் தரும்படி நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். நம் தகவலைக் கட்டாயப்படுத்தி வாங்கியவர்கள், அதைத் தொலைத்ததற்கு நமக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.