ஐஸ் பையின் மேல் ஒரு சாம்பியன்

2003 மார்ச். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்த ‘கிரஃப்ட்ஸ்’ கண்காட்சியில் ஒரு பெக்கினீஸ் நாய்க்கு மகுடம் கிடைத்தது. இருபதாயிரத்துக்கு மேல் நாய்கள் வந்து குவியும் திருவிழாவில் இதுதான் ஆகச் சிறந்த நாய் என்று தீர்ப்பு. சரி, வெற்றிப் படம் எடுக்க அந்த மகாராசனை எதன் மேல் உட்காரவைத்தார்கள்? ஐஸ் பையின் மேல். அந்தக் குளிரில் நாமெல்லாம் ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடப்போம்; அதற்கோ உடம்பு கொதித்துவிடும். நாய் தன் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய மூக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து முகத்துக்குள்ளேயே அமுக்கிவிட்டார்கள், அழகு என்று சொல்லி.

முகத்தை அறுவை செய்து அழகாக்கிவிட்டார்கள் என்று அப்போது ஒரு புகாரும் கிளம்பியது. விசாரித்தார்கள். முகத்தில் இல்லை, தொண்டையில்தான் கத்தி வைத்தார்கள் என்று தெரிந்ததும் சபைக்கு நிம்மதி. அழகுக்காக வெட்டினால் மோசடி. மூச்சுவிட முடியாமல் வெட்டினால் சாம்பியன்.

இதெல்லாம் கனவான்களின் ஏற்பாடு. 1873இல் லண்டனில் நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் பிறந்தது. நாய் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் 1891இல் தன் பெயரிலேயே கண்காட்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு இனத்துக்கும் ‘பிரீட் ஸ்டாண்டர்டு’ என்று ஒரு சாஸ்திரம்: தலை எப்படி, தாடை எப்படி, வால் எந்தப் பக்கம் வளையவேண்டும். நடுவர் அந்த ஏட்டை மனதில் வைத்துக்கொண்டு நாயைத் தடவிப் பார்ப்பார். ஏட்டுக்கும் நாய்க்கும் தகராறு வந்தால் ஏடே ஜெயிக்கும். அதனால்தான் புல்டாக்கின் தலை பெருத்தது, இடுப்பு சுருங்கியது. பிரிட்டனில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட புல்டாக் பிரசவங்கள் சிசேரியன் என்று 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. குட்டி போடத் தெரியாத நாயை உருவாக்கிவிட்டு அதற்கு வம்சாவளிச் சான்றிதழ் வேறு!

வம்சாவளி என்றதும் நமக்குக் காது நிமிரும். குலம் கோத்திரம் பார்ப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல; ரத்தசுத்தம் பேசுகிறவனை உலகின் எந்த மூலையில் பார்த்தாலும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் அத்தை மகளைக் கட்டினாலே டாக்டர் நம்மை உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ணுகிறார். அங்கே தாயையும் மகனையும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்துக் குட்டி எடுத்து, அதைப் பெருமையாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது பிரிட்டனின் சுமார் 10,000 பக் நாய்களிடம் இருந்த மரபணு வகைமை வெறும் 50 நாய்களுக்குச் சமம். இதற்குப் பெயர் உயர்குலம்!

2008இல் பிபிசி ஒரு ஆவணப்படம் போட்டு மானத்தை வாங்கியது. மூளைக்கு இடம் போதாத மண்டையோடு பிறந்து வலியில் துடிக்கும் கவலியர் ஸ்பேனியல்களைக் காட்டியது. அந்த நோய் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்த நாயே பரிசு வாங்கியதையும் காட்டியது. ரொடீசியன் ரிட்ஜ்பேக் என்ற இனத்துக்கு முதுகில் மயிர் ஒரு கோடாக எதிர்த்திசையில் நிற்கவேண்டும். அந்தக் கோடுதான் ஒரு தோல் கோளாறுக்கு வாசல். கோடு இல்லாமல் ஆரோக்கியமாகப் பிறந்த குட்டிகளை என்ன செய்வது? கொன்றுவிடுங்கள் என்று இனச் சங்கத்தின் ‘நன்னடத்தை விதி’யே சொல்லியிருந்தது. நன்னடத்தை! நோயுள்ளது மேடைக்கு, நோயற்றது குழிக்கு.

மறுவருடக் கிரஃப்ட்ஸை பிபிசி ஒளிபரப்பவில்லை. கென்னல் கிளப்பும் விழித்துக்கொண்டு, தாய்–மகன், தகப்பன்–மகள், உடன்பிறப்புக் கூட்டுக்குப் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்றது. இந்த ஞானம் வர 136 வருடம்.

2012 கிரஃப்ட்ஸில் இன்னொரு கூத்து. மோசமான நிலையில் இருந்த 15 இனங்களில், இனத்துக்கு ஒன்றாக முதலிடம் வந்த நாயை மட்டும் கால்நடை மருத்துவர் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆறு தேறவில்லை, பெக்கினீஸும் புல்டாக்கும் அதில் அடக்கம். நாய்க்காக யாராவது வெட்கப்பட்டார்களா? மருத்துவர் மேல்தான் பாய்ந்தார்கள். எங்கள் நடுவர் கொடுத்த பட்டத்தைப் பறிக்க இவர் யார் என்று கேட்டார்கள். 2016இல் முதுகு சரிந்த ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தே தன் இனத்தில் முதலிடம் வாங்கியது. ஆடு மேய்க்கப் பிறந்த ஜாதி. ஆடுதான் பாவப்பட்டு அதை மேய்க்கவேண்டும்.

எங்கள் நாயை நாங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் புண்ணியவான்களுக்காக ஒரு புதுப் போட்டியைச் சிபாரிசு செய்கிறேன். ஆட்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். உரிமையாளர், நடுவர், சங்கத் தலைவர் எல்லோரும் மூக்கில் துணி கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு உறிஞ்சுகுழலை வைத்து, அதன் வழியாக மட்டுமே மூச்சுவிட்டு, கிரஃப்ட்ஸின் பச்சைக் கம்பளத்தில் மூன்று சுற்று ஓடவேண்டும். யார் அதிகம் நீலம் பாரிக்கிறாரோ அவருக்கே கோப்பை. நாய்கள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஐஸ் பை நம் செலவு.