காணாமல் போன 1 மில்லிசெகண்ட்

பெறுநர்: வீடியோ எலக்ட்ரானிக்ஸ் தரநிர்ணயச் சங்கம் (வெசா), அமெரிக்கா.

பொருள்: அட்டைப்பெட்டியில் இருந்த 1 மில்லிசெகண்ட் மானிட்டரில் இல்லாதது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1989இலிருந்து உலகத்து மானிட்டர்களுக்கெல்லாம் நாட்டாமை நீங்கள்தான். டிஸ்ப்ளேபோர்ட் நீங்கள் வகுத்தது. சுவரில் மாட்டுவதற்காக மானிட்டரின் முதுகில் போடும் நான்கு திருகு ஓட்டைகளுக்குக்கூட உங்கள் அளவுதான். இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால் 100தான், 101 என்று எவனும் வாலாட்ட முடியாது. முதுகில் இவ்வளவு கறாராக இருக்கும் தாங்கள் முகத்தைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா என்பதே இம்மனு.

நான் வாங்கியது 27 அங்குல வி.ஏ. பேனல். 240 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் கொட்டை எழுத்து. கம்பெனி பெயர் வேண்டாம்; எந்தப் பெயரைப் போட்டாலும் மனுவில் வேறெதையும் திருத்த வேண்டியிராது.

240ல் குறை சொல்ல ஒன்றுமில்லை. விநாடிக்கு 240 படம் வருகிறது. ஆனால் அப்படி வந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 4.17 மில்லிசெகண்ட். அதற்குள் பிக்சல் பழைய நிறத்தை விட்டுப் புது நிறத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த படம் வந்து நிற்கும்போது முந்தைய படம் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கும். பெட்டியில் போட்ட அந்த 1 உண்மையாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பறக்கும் தட்டு ஒன்று திரையில் விநாடிக்கு 960 பிக்சல் ஓடுமே, அந்தச் சோதனையை ஓடவிட்டேன். ஓவர்டிரைவ் 'நார்மல்' என்றிருக்கையில் தட்டுக்குப் பின்னால் சாம்பல் வால். 'எக்ஸ்ட்ரீம்' வைத்தேன். வால் போயே போச்சு! அந்த இடத்தில் தட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம். அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்து விரட்டியதில் பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. பெட்டியின் 1 பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கிறது: யாரும் விளையாட முடியாத செட்டிங்கில், நிறமாற்றங்களிலேயே வேகமான ஒன்றைப் பொறுக்கியெடுத்து அளந்த கணக்கு. இன்னொரு முகவரி, ஓடும் படத்தின் மங்கலை அளக்கும் எம்.பி.ஆர்.டி. கணக்கு. பேக்லைட்டை விட்டுவிட்டு எரியவைத்தால் மங்கல் குறையும். வெளிச்சமும் குறையும், பெரும்பாலான மானிட்டர்களில், படம் வரும் வேகத்துக்கேற்பத் திரையைப் புதுப்பிக்கும் அடாப்டிவ் சிங்க்கும் கூடவே அணைந்துவிடும். இருட்டுக் குகைக்குள் கறுப்பு அங்கி போட்ட எதிரி ஓடினால் எந்தச் செட்டிங்கிலும் தப்ப வழியில்லை. கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வருவதென்றால் வி.ஏ. பேனலுக்குச் சோம்பல், எதிரி தார் பூசியதுபோல் இழுபடுகிறான்.

இதில் வேடிக்கை, இது எதுவும் தங்களுக்குத் தெரியாததல்ல. 2022இல் அடாப்டிவ்சிங்க் டிஸ்ப்ளே முத்திரை கொண்டுவந்தபோது, ஃபேக்டரி செட்டிங்கில்தான் அளக்க வேண்டும், நிறம் தாண்டிப் போவதற்கும் வரம்பு உண்டு, ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் 'கிரே டு கிரே' நேரம் 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்று தாங்களே எழுதிவைத்தீர்கள். அதே ஆண்டில் மங்கலை அளக்கக் கிளியர் எம்.ஆர். முத்திரை. 7000 என்றால் மங்கிய பிக்சலைப்போல் 65 முதல் 75 மடங்கு தெளிவான பிக்சல். அருமையான கணக்கு! ஆனால் பாருங்கள், ஷோரூமில் 5 என்று உண்மை பேசுகிறவன் பக்கத்தில் 1 என்று ஒருவன் நின்றால் கூட்டம் யாரிடம் போகும்?

தங்கள் கருணைக்கும் அளவில்லை. 2024இல் விதியை இறுக்கும்வரை, டிஸ்ப்ளே எச்.டி.ஆர். 400 வாங்க உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் எட்டினால் ஏறக்குறையக் காரியம் முடிந்தது. பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. முப்பத்தைந்து மார்க் வாங்கியவனுக்கும் மாலை போட்டு ஊர்வலம் விடுவதுபோல்தான்.

எனவே, மில்லிசெகண்ட் எண்ணை அச்சிடுகிறவர்கள், அது எந்த ஓவர்டிரைவில், எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு அளந்தது என்பதை அதே எழுத்தளவில் பக்கத்திலேயே போட வேண்டுமென உத்தரவிடக் கோருகிறேன். ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கணக்கையும் போடச் சொல்லுங்கள். 60லிருந்து 144க்குப் போனால் படத்துக்கு 9.7 மில்லிசெகண்ட் மிச்சம், காசுக்கு வஞ்சனையில்லை. 240லிருந்து 360க்குப் போனால் மிச்சம் 1.4. அதற்கு ஏற்ற கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துக் கொட்டிக்கொடுக்க வேண்டியதை வாங்குகிறவர் பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'க்குள் போய் 60ஐ மாற்றாமலே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் ஓட்டி, "என்ன ஸ்மூத்து!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்வதா, நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா? தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வால் முளைத்த திரையின் உரிமையாளர்