பீரோவின் கல்வித் தகுதி

ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் அதிகம் படித்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் தலைமையாசிரியரைக் காட்டுவார்கள். அது தவறு. அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிற்கும் இரும்பு பீரோவுக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். உலக உருண்டை அவர் வயிற்றில் இருக்கிறது. இந்திய வரைபடம், மனித எலும்புக்கூட்டுப் படம், ஆணிமணிச் சட்டம், காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, பிளாஸ்டிக் கடிகாரம் எல்லாம் அவர் மனப்பாடம். தில்லியும் சென்னையும் ஏறக்குறைய நாற்பது வருடமாக ஏழைக் குழந்தைகளின் பெயரால் வாங்கிய காட்சிக் கருவிகளை முழு வருகைப் பதிவோடு கற்ற ஒரே ஜீவன் அவர்தான். நல்லாசிரியர் விருதுக்கு இதுவரை யாரும் அவர் பெயரைப் பரிந்துரைக்காதது அநியாயம்.

பீரோவின் படிப்பு 1987இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் வந்த தேசியக் கல்விக் கொள்கையின் கையோடு கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், கூடவே வரைபடம், படங்கள், விளையாட்டுப் பொருள், அறிவியல் பெட்டி. சுதந்திரம் வாங்கி நாற்பது வருடம் கழித்து, பள்ளிக்கூடம் என்றால் அதில் கரும்பலகை இருக்க வேண்டும் என்று ஓர் அரசு கண்டுபிடித்ததே பெரிய விஷயம். பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. பிறகு வடமாநிலங்களில் கள ஆய்வு செய்து 1999இல் வெளியான ‘புரோப்’ அறிக்கையைப் படித்தால் அந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த இடம் தெரியும். உடைந்துவிடும் என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். வடக்கில்தானே என்று நாம் மீசையை முறுக்க வேண்டாம். பூட்டுக்கு மொழிக் கொள்கை கிடையாது.

அதற்குப் பின்னால் வானொலியும் டேப்பும் சேர்ந்த ‘டூ-இன்-ஒன்’ வந்தது. கலர் டி.வி. வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் என்று ஒரு செயற்கைக்கோள் கிளம்பியது. வானத்தில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறிய பாடம், கீழே இறங்கி வகுப்பறைக்குள் நுழையும் கடைசிப் பத்தடியில் பீஸ் போய் நின்ற கதைகள் ஆசிரியர் ஓய்வறைகளில் ஏராளம். 2010இல் அந்தச் செயற்கைக்கோளே ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வூதியம் கேட்டுப் போராடாத ஒரே கல்விப் பணியாளர் அதுவாகத்தான் இருக்கும்.

பூட்டியதற்கு ஆசிரியரைத் திட்டுவது சுலபம். மேடை கிடைத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் தலைமையாசிரியர் மேஜையின் இழுப்பறையில் இருக்கும் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பொருளின் பெயர், வந்த தேதி, எண்ணிக்கை, விலை, தற்போதைய நிலை, இருப்பு. தணிக்கைக்காரர் வந்து எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் டிக். உலக உருண்டையின் அச்சு முறிந்திருந்தால் கேள்வி. ‘எப்படி உடைந்தது? யார் பொறுப்பு?’ மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஆப்பிரிக்கா எங்கே என்று தேடிச் சுற்றியதில் உடைந்தது என்று எழுத அங்கே கட்டம் இல்லை. தேடியதில் அந்தக் குழந்தைக்கு ஆப்பிரிக்கா கிடைத்துவிட்டது என்று எழுதவும் இல்லை. பழுதான ஒரு பொருளைக் கணக்கிலிருந்து நீக்க எத்தனை மேசைக்குக் கோப்பு ஏற வேண்டும் என்பதைப் பணி ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், கண் கலங்குவார். குழந்தை தொட்டால் பொருள் தேயும், தேய்ந்தால் தணிக்கைக் குறிப்பு வரும், குறிப்பு வந்தால் ஓய்வூதியக் கோப்பு நிற்கும். இத்தனையும் தெரிந்த பிறகும் ஒருவர் பீரோவைத் திறந்து வைக்கிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்படிச் சிலர் இருக்கிறார்கள். உடைந்ததைத் தன் காசில் வாங்கி வைத்துவிட்டு வாயே திறக்காதவர்கள்.

பீரோ வருடத்தில் சில நாள் திறக்கும். ஆய்வு நாள், பார்வை நாள், ‘மாடல் கிளாஸ்’ நாள். அன்றைக்குச் சாவி அதிகாலையிலேயே வந்துவிடும். உருண்டையின் தூசு தட்டப்படும். மின்னட்டைகள் வரிசையாக நிற்கும். நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள், மெல்லப் படிக்கும் பிள்ளைக்கு அன்று தண்ணீர் பிடிக்கும் வேலை. அட்டையைத் தூக்கிக் காட்டும் கோணம் வரை முந்தைய நாளே ஒத்திகை முடிந்திருக்கும். அதிகாரி வருவார், கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், கைபேசி எழும்பும். தேதியும் இடமும் பொறித்த போட்டோ பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஏறும். கீழே கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் குவியும். பள்ளிக்கு வந்த கருவிகளிலேயே மிகத் திறம்படப் பயன்பட்டது அந்தக் குழந்தைதான். அரசு வேலை செய்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட அதைவிடச் சிறந்த காட்சிக் கருவி இதுவரை எந்த டெண்டரிலும் வந்ததில்லை. அதிகாரி காரில் ஏறும் ஓசை அடங்குவதற்குள் உருண்டை உள்ளே போய்விடும்.

இந்த நாடகத்துக்கு சாஸ்திரமும் உண்டு. பி.எட். படித்த எவரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள்: படிப்பதில் பத்து சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் இருபது, பார்ப்பதில் முப்பது, செய்வதில் தொண்ணூறு என்று ஒப்பிப்பார். எட்கர் டேலின் அனுபவக் கூம்பு! டேல் 1946இல் எழுதிய புத்தகத்தில் கூம்பு இருக்கிறது. சதவீதம் ஒன்றுகூட இல்லை. அந்த எண்கள் 1967இல் ஓர் எண்ணெய் நிறுவனத்து ஊழியர் எழுதிய கட்டுரையில் வந்தவை. எந்த ஆய்வில் கிடைத்தன என்று அவர் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் கேட்கவும் இல்லை. யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். மனித நினைவு சரியாகப் பத்துப் பத்தாகப் படியேறுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஆனால் யோசிப்பது கூம்பில் எந்தத் தட்டிலும் இல்லையே. இந்தக் கூம்பைச் சார்ட்டில் வரைந்து, தெர்மக்கோலில் ஒட்டி, செய்முறைத் தேர்வில் வைத்து மதிப்பெண் வாங்கிய தலைமுறைகள்தான் இன்று நமக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பிக்கின்றன. வரைந்து என்று சொன்னது மரியாதைக்கு. கல்லூரி வாசலிலேயே ‘ரெடிமேட் டி.எல்.எம்.’, அதாவது ஆயத்தக் கற்பித்தல் கருவி, விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒளிச்சேர்க்கை ஒரு விலை, சூரியக் குடும்பம் ஒரு விலை. ‘செய்வதில் தொண்ணூறு சதவீதம்’ என்ற பாடத்துக்கான கருவியையே காசு கொடுத்து வாங்கும் ஊரில் பிள்ளைகள் எதைச் செய்து பார்க்கப் போகிறார்கள்?

கருவி வந்தால் புத்தகம் ஒழியும் என்று 1913லேயே எடிசன் ஜோசியம் சொன்னார். சினிமாப் படம் வந்துவிட்டது, பத்து வருடத்தில் பள்ளிக்கூடமே மாறிவிடும் என்றார். ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் கல்வி அமைச்சர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ரிப்பன் வெட்டும்போது அதே ஜோசியத்தைத்தான் திருப்பிப் படிக்கிறார்கள், தங்களுக்கு நேற்று தோன்றியதுபோல.

2018இல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தன. நல்ல தாள், நல்ல படம், நல்ல பாடம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்க ஓரத்தில் கியூ.ஆர். கோடு. ஸ்கேன் செய், காணொளி பார் என்கிறது புத்தகம். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவந்தால் பறிமுதல் என்கிறது சுற்றறிக்கை. வீட்டில் பார்க்கலாமே என்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறது. மறுவருடம் ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது, அரசு கேபிளில் 200ஆவது சேனல். கொரோனா வந்தபோது அதுதான் பல வீடுகளில் பள்ளிக்கூடமாக இருந்தது. அந்த மட்டில் அதற்கு ஒரு வணக்கம்.

இப்போது ‘ஸ்மார்ட்’ யுகம். தொடக்கப் பள்ளிகளுக்கு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையடக்கக் கணினிகள். கணினி எதற்கு? பாடம் காட்ட. அதற்கு முன்னால் ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்தில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், பயிற்சி வீடியோவைப் பார்த்து முடித்ததாகக் காட்ட வேண்டும், நலத்திட்டம் வாங்கிய பட்டியலை நிரப்ப வேண்டும், சர்வர் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்கும் பள்ளியில் இதன் பொருள் எளிது. சுவரில் படம் ஓடும், ஆசிரியர் விவரம் ஏற்றுவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் திரை, அரசைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர். வேலைப் பங்கீடு கச்சிதம்.

அந்தத் திரையில் ஓடும் ஒரு படத்தைச் சொல்கிறேன். விதை முளைக்கிறது. பின்னணியில் வீணை. நாற்பது விநாடியில் பயறு வெடித்து, வேர் விட்டு, இலை விரித்து நிமிர்கிறது. ‘பார்த்தீர்களா குழந்தைகளே!’ என்கிறது ஒரு சென்னைக் குரல். பார்த்த குழந்தைகளின் அம்மாக்கள் அன்று காலைதான் பக்கத்து வயலில் உளுந்து தெளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு பிடி பாசிப்பயறை ஈரத்துணியில் கட்டி ஜன்னலில் வைத்தால் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும், மூன்றாம் நாள் வாலை நீட்டும், நான்காம் நாள் தண்ணீர் தெளிக்க மறந்தவனின் பயறு காய்ந்து அழுகை வரும். அழுகைதான் பாடம். ஆனால் ஒரு பிடி பயறுக்கு ஜி.எஸ்.டி. பில் வாங்க முடியாது. மூன்று கொட்டேஷன் கேட்க முடியாது. முளைத்த பயறின்மேல் எந்தத் திட்டத்தின் முத்திரையையும் ஒட்ட முடியாது. பில் இல்லாத பொருள் கற்பித்தல் உபகரணம் ஆகாது என்பது எங்கும் எழுதப்படாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கும் அரசாணை.

திரையே வேண்டாம் என்று சொல்லும் பழமைவாதி நான் இல்லை. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை எந்தச் சாக்பீஸாலும் காட்ட முடியாது. கிரகணத்தில் யார் நிழல் யார்மேல் விழுகிறது என்பதை அசையும் படம் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும். காது கேளாத பிள்ளைக்கு எழுத்தோடு ஓடும் காணொளி வரப்பிரசாதம். ஆனால் படத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி, ‘அடுத்து என்ன நடக்கும்? நீ சொல்லு’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். நிறுத்தும் பொத்தான் ரிமோட்டில் இருக்கிறது. அழுத்த வேண்டியவர் எமிஸில் இருக்கிறார்.

தனியார் பள்ளிப் பெற்றோர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ‘ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ்’ என்று தனி வரி போட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன ஓடுகிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். நாடு முழுக்கத் தனியார் பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் மாட்டிப் பங்குச்சந்தையில் கொடி கட்டிப் பறந்த எஜுகாம்ப் நிறுவனம் 2017இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பலகை அணைந்தது. கட்டணம் அணைந்ததாகத் தகவல் இல்லை.

பீரோ தோற்ற காலமும் ஒன்று உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. அட்டைகள் பீரோவிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தன. பிள்ளையே எழுந்து போய், தன் பாடத்தின் சின்னம் போட்ட தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்து, பாயில் உட்கார்ந்து, முடித்ததும் ஏணிப்படத்தில் ஒரு படி ஏறியது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனக்கென்று ஓர் இடம். கல்வித்துறை வரலாற்றில் கரும்பலகை கீழே இறங்கி வந்தது அந்த ஒரு தடவைதான். 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. குறைகள் இருந்தன. புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். அட்டை கிழிந்தால் மாற்று வரவில்லை என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். கிழிந்தது என்றால் குழந்தைகள் தொட்டார்கள் என்று பொருள். நாம் என்ன செய்தோம்? கிழிந்த அட்டையை மாற்றுவதில் ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லை என்று கண்டுகொண்டோம். புதுத் திட்டம், புதுப் பெயர், புது லோகோ. அட்டைகள் பீரோவுக்குத் திரும்பின. பீரோ தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டது.

பலகைக்கும் கணினிக்கும் பணம் எப்படியாவது வந்துவிடுகிறது. மனிதருக்கு வரும்போதுதான் கஜானா இருமத் தொடங்குகிறது. தில்லி தன் பங்குக்கு, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடு என்று சொல்லி, தமிழகக் கல்விக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டது. அங்கே அப்படி என்றால் இங்கே எப்படி? 2012இல் தமிழக அரசு ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். ஓவிய ஆசிரியர் என்பவர் யார்? வெறுங்கையோடு வகுப்புக்குள் வந்து, ஒரு துண்டுச் சாக்பீஸில் யானையை வரைந்து, தும்பிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டு ‘மீதியை நீ வந்து போடு’ என்று பின்வரிசைப் பிள்ளையைக் கூப்பிடக்கூடியவர். மின்வெட்டில் அணையாதவர், சர்வர் சுற்றாதவர். நம்மிடம் இருந்த உயிருள்ள காட்சிக் கருவி. 12,500 ரூபாய் வரை வர அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பணி நிரந்தரம் கேட்டு, கல்வித்துறைத் தலைமையகம் இருக்கும் சென்னைக் கல்லூரிச் சாலையில் உட்கார்ந்தால் போலீஸ் வேன் வருகிறது. கட்சிகள் எதிர்க்கட்சியாக இருக்கும்போது பந்தலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கின்றன, ஆளுங்கட்சி ஆனதும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்கின்றன. பள்ளி விடுமுறை என்று சொல்லிப் பல வருடம் அவருக்கு மே மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் வரையும் சுவருக்குப் பக்கத்தில் மாட்டிய ஸ்மார்ட் பலகைக்கு உத்தரவாதக் காலம் உண்டு. அதில் யாரும் மே மாதத்தைக் கழிப்பதில்லை.